குச்சுக்குள்ளே சொல்ல வேண்டியது

எங்கள் ஊர் கோம்பையில் சடங்கு வீட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. மைக்செட் சத்தமும் தெருமுனைப் பிளக்ஸும் வழிகாட்டும். கொட்டு முழங்கத் தாய்மாமன் சீர்த்தட்டோடு வருவார். பிள்ளை வயசுக்கு வந்தது ஊருக்கே தெரிந்துவிடும். அவள் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் அவளிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்தச் சடங்கில் நான் மதிப்பது இரண்டு. ஒன்று, உளுந்தங்களி. உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய் என்று வளரும் உடம்புக்கு அது நல்ல தீனி. மற்றது, அத்தையும் அம்மாச்சியும் பக்கத்திலேயே இருக்கும் அந்த நாட்கள். பேச இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? ஆனாலும் காதில் விழுவதெல்லாம் "அதைத் தொடாதே, அங்கே போகாதே" என்பதுதான்.

தனியே ஒதுக்கி வைப்பதை நான் ஏற்கவே மாட்டேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவு, பட்டுக்கோட்டைப் பக்கம் அணைக்காட்டில் வயசுக்கு வந்த சிறுமி ஒருத்தியைத் தனிக் குடிசையில் படுக்க வைத்திருந்தார்கள். தென்னை மரம் விழுந்து அந்தப் பிள்ளை இறந்துபோனாள். சடங்குக்கென்று குச்சுக் குடிசை கட்ட ஆசையிருந்தால் கட்டுங்கள். பிள்ளை வீட்டுக்குள் அம்மா பக்கத்தில் தூங்கட்டும்.

பேச்சைச் சடங்குவரை தள்ளிப்போடவும் கூடாது. மார்பு அரும்பத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு வருடத்தில் முதல் மாதவிலக்கு வரும். அரும்பும்போதே சொல்லிவிடலாம். "பாப்பா, எனக்கு வர்ற மாதிரி உனக்கும் மாசாமாசம் ரத்தம் வரும். அது நோயில்ல, காயமில்ல. பள்ளிக்கூடத்துல வந்தா டீச்சர்கிட்ட சொல்லு." இவ்வளவு போதும், தொடங்குவதற்கு. எல்லா நாளும் சேர்த்துப் போவது பெரும்பாலும் இரண்டு மூன்று மேசைக்கரண்டி ரத்தம்தான் என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். முதல் ஓரிரு வருடம் நாள் தள்ளித் தள்ளி வரலாம். ரத்தப்போக்கு ஏழு நாளைத் தாண்டிப் போனாலோ, 15 வயதாகியும் வராவிட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள். அரசின் புதுயுகம் திட்டத்தில் 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்கு நாப்கின் தருகிறார்கள். நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிக்கொடுப்பது வீட்டின் வேலை.

பையன்களை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. குரல் உடையும், மீசை அரும்பும், தூக்கத்தில் விந்து வெளியாகும். தனக்கு ஏதோ வியாதி என்று எத்தனை பிள்ளைகள் தனியே கிடந்து மருகுகிறார்கள்! அவர்களுக்குச் சடங்கும் இல்லை, சொல்ல ஆளும் இல்லை. அப்பாக்களே, இது இயல்பு என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை போதும்.

விடியுமுன் ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக்குப் போய், பொழுது சாய்ந்து திரும்பும் தாய்மாரே, உங்கள் அலுப்பு எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துவிடும் அந்த அரைமணி நேரத்தில் இந்தப் பேச்சைத் தொடங்குங்கள்.