மண்புழு தின்னும் பாம்பு
(உதகையில் நடந்த நமது சங்கக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

சென்ற மாதம் பின்பக்கச் சரிவில் உரக்குழி தோண்டும்போது ஒரு பாம்பு வந்தது. கட்டுவிரியன் குட்டி என்று சொல்லி அடித்துவிட்டார்கள். குழுவில் வந்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடித்தவரைக் குறை சொல்லவில்லை. பயத்தில் யாரும் செய்வதுதான்.

ஆனால் அது கட்டுவிரியன் அல்ல. கட்டுவிரியனுக்கு உடம்பின் குறுக்கே வெள்ளைப் பட்டைகள். இதற்கு நீளவாக்கில் கோடுகள். தலையும் கழுத்தும் ஒரே பருமன். சைலோஃபிஸ் பெரோட்டெட்டி, விஷமில்லாதது. மண்ணுக்குள் வாழ்ந்து மண்புழு தின்னும். கிரேக்கத்தில் சைலோஃபிஸ் என்றால் மரப்பாம்பு. மரம் ஏறாத பாம்புக்கு அந்தப் பெயர்!

1854-லேயே இதற்கு அறிவியல் பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்ற குழப்பம் 150 வருடத்துக்கு மேல் தீரவில்லை. புதைந்து வாழும் பாம்புகள் பலவும் சிறிய தலை, சிறிய கண், வழவழப்பான உடல் என்று ஒன்றுபோல் ஆகிவிடுகின்றன. உருவத்தை வைத்து உறவு சொல்ல முடியாது. 2018-இல் தீபக் வீரப்பன், சாரா ருவேன், டேவிட் கோவர் மூவரும் டிஎன்ஏவை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சொந்தக்காரர்கள் தென்கிழக்கு ஆசியப் பக்கத்தில், நத்தை தின்னும் பரேயிடே குடும்பத்தில் இருந்தார்கள்! மரம், செடியில் ஏறி நத்தை தேடும் பாம்புகள் அவற்றில் நிறைய. நம்முடையது வெகு காலம் முன்பே பிரிந்த கிளை என்பதால் இதற்கென்றே சைலோஃபினே என்று தனித் துணைக்குடும்பம் வைத்தார்கள்.

இந்தப் பேரினம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. 2021-இல் கூட குமரி மாவட்டத் தென்னந்தோப்பில் கிடைத்த ஒன்றைப் புதிய சிற்றினம் என்று அறிவித்து, தீபக் பெயரையே வைத்தார்கள். தோப்பிலேயே இத்தனை நாள் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது.

இன்று நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவதாக, பின்சரிவு முழுவதும் கான்கிரீட் போடும் தீர்மானம் இருக்கிறது. மழைநீர் வழிகிற ஓரத்துக்கு மட்டும் போடலாம், மீதி மண்ணாகவே இருக்கட்டும் என்று திருத்தம் கொண்டுவருகிறேன். எந்தப் பாம்பையும் கையால் தொட வேண்டாம். அடையாளம் தெரியாவிட்டால் விலகி நின்று வனத்துறைக்குச் சொல்லுங்கள். அடிக்க மட்டும் வேண்டாம். திருத்தத்தை வழிமொழிய ஒருவர் வேண்டும்.