உற்றறிவின் கூடம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

பத்தாண்டு நிறைவு என்பது கணக்குப் பார்க்கும் காலம். எத்தனை கூட்டங்கள் நடந்தன, எத்தனை நூல்கள் வெளிவந்தன, எத்தனை பேர் வந்தமர்ந்தனர் என்று ஆண்டறிக்கை வாசிக்கப்பெறும். அக்கணக்கு வேண்டியதே. ஆயினும், கூட்டத்திற்கு வந்தவருள் ஒருவர் வீடு திரும்பிய பின்னர் உறக்கம் இழந்து ஒரு கவிதையை எழுதத் தொடங்கினார் எனில், அந்த இரவை எந்த அறிக்கையும் எண்ணுவதில்லை. இதே இடர்ப்பாடு அறிவியல் மையங்களுக்கும் உண்டு. நுழைவுச் சீட்டு எத்தனை விற்றது, எத்தனை பள்ளிகள் வந்தன என்பன எண்ணத்தக்கவை. உள்ளே சென்ற பிள்ளையின் மனத்தில் என்ன நிகழ்ந்தது என்பது எண்ணத்தகாதது. அவ்வாறாயின் ஓர் அறிவியல் மையத்தின் வெற்றியாண்டு எது? இலக்கிய மேடையில் இவ்வினா எதற்கு என்று ஐயுறுவோர் இருக்கலாம். இதற்கும் கவிஞர்களுக்கும் உள்ள உறவு உரையின் போக்கில் புலனாகும்.

முதற்கண், இத்தகைய மையம் யாது எனத் தெளிதல் வேண்டும். அருங்காட்சியகத்தில் பொருள் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும். 'தொடாதீர்' என்னும் பலகை வெளியே இருக்கும். அறிவியல் மையமோ 'தொடுக' என்று அழைக்கும் இடம். சக்கரத்தைச் சுழற்றலாம், கப்பியை இழுக்கலாம், ஊசலைத் தள்ளலாம். பார்ப்பவர் கை வைத்தாலன்றி அங்கே எதுவும் நிகழாது. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கும்போது முதலாவதாக வைப்பது உற்றறிவையே, அதாவது தொட்டறியும் அறிவையே. கண்ணும் செவியும் அதன் பின்னரே வருகின்றன. பள்ளிக்கூடமோ கண்ணுக்கும் செவிக்கும் பாடம் நடத்திவிட்டுத் தொடுதலை மறந்துவிடுகிறது. மறந்த அந்த முதலறிவை மீட்டெடுக்கும் கூடமே அறிவியல் மையம் எனலாம்.

இவ்வெண்ணம் ஒரே நாளில் முளைத்ததன்று. ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆஸ்கார் வான் மில்லர் 1903இல் தோற்றுவித்த அருங்காட்சியகத்திலேயே பார்ப்போர் தாமே இயக்கும் பொறிகள் இடம்பெற்றன. பாரிஸ் நகரில் 1937இல் ழான் பெரேன் என்னும் இயற்பியலறிஞரின் முயற்சியால் எழுந்த 'கண்டுபிடிப்பு அரண்மனை'யில் சோதனைகள் மக்கள் முன்னிலையில் நிகழ்த்திக் காட்டப்பெற்றன. இவ்விரண்டையும் நேரிற் கண்டு உளங்கொண்டவர் பிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டுத் திட்டத்தின் அறிவியல் தலைவராயிருந்த ராபர்ட் ஓப்பன்ஹைமரின் இளவல் அவர். தாமும் இயற்பியலறிஞரே. அரசியல் காரணங்களால் 1949இல் பல்கலைக்கழகப் பணியை இழந்து, கொலராடோ மலைப்பகுதியில் பல ஆண்டுகள் மாடு வளர்த்து வாழ்ந்தார். பின்னர் அவ்வூரின் சிறு பள்ளியில் ஆசிரியரானார். ஆய்வகம் இல்லை என்று அவர் சோர்ந்துவிடவில்லை. பிள்ளைகளை ஊர்க் குப்பைமேட்டிற்கு அழைத்துச் சென்று, அங்குக் கிடந்த பழம்பொறிகளைக் கொண்டே இயற்பியல் கற்பித்தார். அவர் 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் திறந்த 'எக்ஸ்புளோரட்டோரியம்' இன்று உலகெங்குமுள்ள அறிவியல் மையங்களுக்கு முன்மாதிரியாகத் திகழ்கிறது. அங்கு 1971இல் அமைக்கப்பெற்ற ஒரு கூடம் முற்றிலும் இருளானது. உட்புகுவோர் கையாலும் உடலாலும் தொட்டுத் தொட்டே வழி கண்டு வெளிவர வேண்டும். உற்றறிவுக்கென்றே எழுப்பிய கோயில் அது.

ஒரு சிற்றூர்ப் பள்ளியில் விழுந்த வித்தே அம்மாபெரும் மையம் ஆயிற்று என்பது பண்ருட்டி போன்ற ஊர்கள் மனத்திற்கொள்ளத்தக்க செய்தியாகும்.

இந்தியாவில் இம்முயற்சி கல்கத்தாவில் தொடங்கிற்று. அங்கே பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1959இல் திறக்கப்பெற்றது. மையத்திற்கு வர இயலாத பிள்ளைகளை எண்ணி, 1965இல் அது காட்சிப் பொருள்களைப் பேருந்தில் ஏற்றி ஊர்ப்புறங்களுக்கு அனுப்பியது. பம்பாயில் நேரு அறிவியல் மையம் உருவாகி வந்த வேளையில், உலகக் குழந்தைகள் ஆண்டாகிய 1979இல், அங்கே ஓர் அறிவியல் பூங்கா திறக்கப்பெற்றது. கூரையில்லை, சுவரில்லை. ஊஞ்சலும் ஏற்றப்பலகையும் கப்பியும் திறந்தவெளியில் நின்றன. விளையாட வந்த பிள்ளை விளையாடியபடியே நெம்புகோலின் இயல்பை உணர்ந்தது. பின்னாளில் நாட்டின் பல மையங்களில் இத்தகைய பூங்காக்கள் எழுந்தன. 1979ஐ வெற்றியாண்டு என்று சொல்வதற்குரிய காரணம் இதுவே: அவ்வாண்டு பம்பாயோடு முடிந்துவிடவில்லை, பிற ஊர்களில் மீண்டும் மீண்டும் பிறந்தது.

தமிழகத்தைப் பொறுத்தவரை அத்தகைய ஆண்டு 1987 எனலாம். தாமிரபரணிக் கரையில், திருநெல்வேலிக் கொக்கிரகுளத்தில், மாவட்ட அறிவியல் மையம் அவ்வாண்டில்தான் திறக்கப்பெற்றது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் சிறுவர் அறிவியல் இதழாகிய 'துளிர்' தோன்றியதும் அதே ஆண்டில்தான். பாட்டும் நாடகமுமாக மக்கள் அறிவியல் கலைப்பயணம் நாடு முழுதும் நடந்ததும் அதே 1987இல்தான். கைக்கு ஒரு கூடம், கண்ணுக்கு ஓர் இதழ், செவிக்கு ஒரு பாட்டு என மூன்றும் ஓராண்டில் கூடின. அடுத்த ஆண்டில் சென்னைக் கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம் எழுந்தது. நெல்லைச் சீமையிற் பிறந்து, வழக்கறிஞராயிருந்தபடியே நெடுங்காலம் தமிழில் அறிவியல் எழுதிய பெ. நா. அப்புசாமி 1986இல் மறைந்தார். தம் மண்ணில் இப்படியொரு கூடம் திறந்ததைக் காண அவருக்கு ஓராண்டு குறைந்துவிட்டது.

இனி, இக்கூடங்களின் உள்ளே நிகழ்வது என்ன என்பதை இரண்டு காட்சிப் பொருள்களைக் கொண்டு காணலாம். அறிவியல் பூங்காக்களில் பெரிய கிண்ணம் போன்ற குழிவட்டுகள் இரண்டு, நெடுந்தொலைவில் ஒன்றையொன்று நோக்கி நிற்கும். ஒன்றன் குவியத்தில் வாயை வைத்து ஒருவர் மெல்லப் பேசினால், மற்றதன் குவியத்தில் செவியை வைத்தவர்க்கு அது தெளிவாகக் கேட்கும். முதல் வட்டில் பட்ட ஒலி சிதறாமல் இணைகதிராகச் சென்று இரண்டாம் வட்டில் பட்டு மீண்டும் ஒரு புள்ளியிற் குவிகிறது. நடுவில் நிற்பவர்க்கோ அது கேட்பதரிது. மற்றொன்று இரட்டைக் கூம்பு. இரண்டு தண்டவாளங்கள் ஒருபுறம் நெருங்கித் தாழ்ந்தும், மறுபுறம் விலகி உயர்ந்தும் இருக்கும். தாழ்ந்த பக்கத்தில் கூம்பை வைத்தால் அது மேட்டை நோக்கித் தானே உருண்டு ஏறுவதுபோலத் தோன்றும். உண்மையில் தண்டவாளங்கள் விலக விலகக் கூம்பு அவற்றினிடையே தாழ்கிறது. அதன் நடுப்புள்ளி இறங்கியபடியேதான் செல்கிறது. கண் ஏறுகிறது என்கிறது; அளந்து பார்த்தால் இறங்குகிறது. கண்ணை நம்பிய பிள்ளை ஒருகணம் திகைக்கிறது. அந்தத் திகைப்பே கல்வியின் வாயில்.

ஆயினும் எல்லாப் பிள்ளைகளும் அவ்வாயிலில் நிற்பதில்லை. சுற்றுலாப் பேருந்திலிருந்து இறங்கிய கூட்டம், ஆசிரியரின் அவசரக் குரலுக்கு அஞ்சி, ஒவ்வொரு பொத்தானையும் ஒருமுறை அழுத்திவிட்டு அடுத்ததற்கு ஓடும் காட்சி எந்த மையத்திற்கும் புதிதன்று. அன்றைய கணக்கில் அக்கூட்டத்தின் எண்ணிக்கை பெரிதாகவே இருக்கும். அந்நாள் வெற்றி நாளா? கூம்பின் முன்னே நின்று மூன்றாம் முறையும் உருட்டிப் பார்த்து, 'இது எப்படி?' என்று கேட்ட ஒரு பிள்ளை அக்கூட்டத்தில் இருந்திருப்பின் அது வெற்றி நாளே. இல்லையெனின் வந்தது கூட்டம் மட்டுமே.

ஓடும் பிள்ளையை நிறுத்துவது எது? இவ்விடத்தில்தான் சொல் வருகிறது. ஒவ்வொரு காட்சிப் பொருளின் அருகிலும் ஒரு விளக்கப் பலகை உண்டு. 'இக்கருவி ஒலியலைகளின் பரவளைய எதிரொலிப்புத் தத்துவத்தை விளக்குகிறது' என்று ஒரு பலகை எழுதப்பெறுமாயின், படித்த பிள்ளை விளங்கிக்கொண்டது போலத் தலையசைத்துவிட்டு அகன்றுவிடும். அதே பலகை, 'இங்கே நின்று வட்டினுள் மெல்லப் பேசு. எதிரே நிற்கும் தோழிக்குக் கேட்கிறதா? நடுவில் நிற்பவளுக்கு?' என்று கேட்குமாயின் பிள்ளையின் கால் அங்கேயே நின்றுவிடும். முதற்பலகையில் பிழையில்லை, ஆனால் அது விடையை முன்னே வைத்து வியப்பைக் கொன்றுவிட்டது. இரண்டாம் பலகை கையையும் செவியையும் வேலைக்கு அனுப்பிவிட்டு ஒதுங்கி நிற்கிறது.

எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது, எந்தச் சொல்லில் நிறுத்துவது என்பவை யாருடைய கலை? அது கவிஞருடைய கலையன்றோ! நீண்ட பொருளைக் குறுகிய அடிக்குள் அடக்கிப் பழகிய மொழி தமிழ். குறிப்பாற் பொருள் உணர்த்துதலை இலக்கணமாகவே வகுத்துக்கொண்ட மரபு தமிழ் மரபு. அத்தகைய மொழியில் அறிவியல் பலகைகள் ஆங்கிலத்தின் நிழலாக, வாய்க்குள் நுழையாத தொடர்களாக அமைதல் தகுமா? கலைச்சொல் தருவது துறையறிஞர் கடன். அச்சொல்லைப் பிள்ளையின் கையோடு சேர்த்து வைப்பது கவிஞர் கடன். இதற்கு முன்னோடியும் உண்டு. பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்திற்கும், அதன்பின் வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்திற்கும் தலைமைப் பதிப்பாசிரியராயிருந்த பெரியசாமித் தூரன் கவிஞர், இசைப்பாடல்கள் இயற்றியவர். அறிவியல் தம் துறையன்று என்று அவர் ஒதுங்கியிருப்பின் தமிழுக்கு அக்களஞ்சியங்கள் அவ்வடிவிற் கிடைத்திரா.

இனிப் பண்ருட்டிக்கு வருவோம். இவ்வூர்ப் பிள்ளைகளின் கைகளில் ஏற்கெனவே அறிவு உண்டு. பலாக்காயைத் தட்டி, எழும் ஒலியைக் கொண்டே அதன் முதிர்ச்சியைச் சொல்லும் கையும் செவியும் இம்மண்ணுக்கு உரியவை. முந்திரிக்கொட்டையின் தோட்டிலுள்ள எண்ணெய் கையைப் புண்ணாக்கும் என்பதைப் புத்தகம் படித்து எவரும் அறியவில்லை. ஒலியியலும் வேதியியலும் தோப்பிலேயே கிடக்கின்றன. அவற்றுக்கு அறிவியல் என்று பெயரிட்டு மதிப்பளிக்கும் கூடம் மட்டும் இங்கில்லை. திருநெல்வேலி நெடுந்தொலைவு, சென்னையோ ஏறத்தாழ 180 கிலோமீட்டர். புதுச்சேரி இலாசுப்பேட்டையில் அப்துல் கலாம் பெயரில் அறிவியல் மையமும் கோளரங்கமும் எழுந்தது ஆறுதல். எனினும், ஆண்டுக்கு ஒருமுறைச் சுற்றுலாவாற் பெறும் அறிவு, விருந்தாளி உண்ணும் உணவைப் போன்றது.

இது வெறும் ஏக்கமன்று, உயிரோடு தொடர்புடையது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கடலூர்க் கரையைத் தாக்கியது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, பண்ருட்டிப் பகுதியின் பலாத் தோப்புகளும் முந்திரித் தோப்புகளும் ஓரிரவில் சாய்ந்தன. தலைமுறைகளாகப் பலன் தந்த மரங்கள் வேரோடு கிடந்தன. கடல் ஏன் உள்வாங்கிற்று, புயலின் நடுவே காற்று ஏன் சிறிது நேரம் ஓய்ந்து பின் எதிர்த்திசையிலிருந்து வீசுகிறது என்பன இம்மாவட்டத்துப் பிள்ளைக்குப் பாடநூல் வினாக்கள் அல்ல. ஓய்ந்த காற்றை நம்பி வெளியே வருபவர் உயிரிழக்க நேரும். நீர்த்தொட்டியில் ஓர் அலையைத் தன் கையாலேயே எழுப்பிப் பார்த்த பிள்ளை, கடற்கரையில் நின்று வேடிக்கை பார்க்காமல் ஓடும்.

ஆகவே கட்டடம் எழும்வரை காத்திருத்தல் வேண்டா. எக்ஸ்புளோரட்டோரியம் தன் காட்சிப் பொருள்களைச் செய்யும் முறையை மறைத்து வைக்கவில்லை. சமையற்குறிப்பு நூலைப்போல 1975 முதல் தொகுத்து வெளியிட்டது. இரட்டைக் கூம்புக்கு இரண்டு புனல்களும் இரண்டு கோல்களும் போதும். பள்ளி ஒன்றின் தாழ்வாரத்தில் ஐந்து பொருள்கள், அவற்றின் அருகே இவ்வட்டத்துக் கவிஞர்கள் எழுதிய ஐந்து பலகைகள் என்று தொடங்கலாம். பலகை நன்றாக அமைந்ததா என்பதை அறியத் திறனாய்வாளர் தேவையில்லை. பிள்ளை நின்றதா, ஓடியதா என்று பார்த்தாற் போதும். இதனினும் நேர்மையான வாசகர் கவிஞர்க்குக் கிடைப்பது அரிது.

ஓர் அறிவியல் மையத்தின் வெற்றியாண்டு எது என்னும் வினாவுக்கு விடை இதுவாகும்: அதன் வாயிலை விட்டு வெளியேறிய வினாக்கள் எந்த ஆண்டில் மிகுதியோ அந்த ஆண்டு. அவ்வினாக்கள் திரும்பும் பேருந்தில் எழும். இரவு உணவின்போது தாயைக் கேட்கும். சிலவேளை பல ஆண்டுகள் உறங்கிப் பின் விழிக்கும். இலக்கிய வட்டத்தின் வெற்றியும் அவ்வாறே கணக்குக்கு வெளியே வளர்வது. பத்தாண்டு கண்ட இவ்வட்டம் தன் பதினோராம் ஆண்டில் ஒரு பள்ளித் தாழ்வாரத்திற்கு ஐந்து பலகைகள் எழுதித் தருமாயின், அவ்வாண்டறிக்கையில் அது ஒரு வரியாகவே இடம்பெறும். அதன் பயனோ, ஏதோவொரு பிள்ளையின் கையில் கேள்வியாக நெடுநாள் இருக்கும்.