சுவரைக் கடக்கும் வலையும் அதற்கு ஒரு பூட்டும்



பிழைப்பை முன்னிட்டு ஊர் விட்டு வந்த நம்மவரிற் பலர் வாடகை வீடுகளிலேயே வாழ்கிறோம். டில்லியின் பழைய வீடுகளில் சுவர்கள் தடித்தவை. கூடத்தில் வைத்த ரூட்டரின் அலை, பின்கட்டு அறையையோ மொட்டைமாடிப் பர்சாத்தியையோ எட்டுவதில்லை. எங்கள் வீட்டிலும் இதே நிலைதான். ஊரிலுள்ள தம் தங்கையின் முகம் பார்த்துப் பேசுவதற்காக, எங்கள் தாயார் மார்கழிக் குளிரிலும் படுக்கையை விட்டெழுந்து கூடத்திற்கு வரவேண்டியிருந்தது. சுவரைத் துளைத்துக் கம்பி இழுக்க வீட்டுக்காரர் இசையவில்லை. ஆகவே, ரூட்டர்கள் தமக்குள் கம்பியின்றிப் பேசிக்கொள்ளும் 'மெஷ்' எனும் வலைப்பின்னலை அமைக்க முற்பட்டோம்.

கிணற்றடியில் வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றுவோரைப் போல, இம்முறையில் ஒரு கருவி பெற்ற செய்தியை அடுத்த கருவிக்குத் தருகிறது. ஒன்று நின்றுபோனாலும், எட்டும் தொலைவில் வேறொன்று இருக்குமாயின் செய்தி அவ்வழியே செல்லும். நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. 2005 ஜனவரியில் இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை, குறிப்பிட்ட ஆற்றல் வரம்புக்குள், உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதித்தது. அடுத்த மாதமே இமாசலப் பிரதேசத்துத் தர்மசாலையில் இத்தகைய வலை ஒன்று இயங்கத் தொடங்கிற்று. மலைகள் நேர்வழியை மறைக்க, மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் அவ்விடத்திற்கு இம்முறையே ஏற்றதாயிற்று.

ஓப்பன்டபிள்யூஆர்டி என்பது 2004 முதல் வளர்ந்துவரும் இலவச மென்பொருள். எங்களிடமிருந்த மூன்று பழைய ரூட்டர்களில் அதனை ஏற்றினோம். தாயாரின் அறையிலும் அலை எட்டிற்று. மகிழ்ந்தோம். ஆனால் அவசரத்தில், ரூட்டர்களுக்கிடையே உள்ள இணைப்புக்குக் கடவுச்சொல் இடாமல் விட்டோம். கைபேசிகளுக்குக் கடவுச்சொல் இருக்கிறதே, அது போதும் என எண்ணினோம்.

நான்காம் நாள், மேல்மாடியில் குடியிருந்த பஞ்சாபி மாணவர் ஒருவர் கதவைத் தட்டினார். "அங்கிள், உங்கள் வலையின் பெயரை என் ரூட்டரில் இட்டேன், கேள்வியே இல்லாமல் உள்ளே விட்டுவிட்டது. எனக்குத் திறந்தது வேறு எவருக்கும் திறக்கும் அல்லவா?" என்றார். எங்களுக்கு வெட்கமும் அச்சமும் ஒருங்கே உண்டாயின. வங்கித் தளங்களுக்குத் தனிப் பூட்டு உண்டு. ஆயினும் வீட்டுக் கணிப்பொறியில் பொதுவாக வைத்திருந்த குடும்பப் படங்களுக்கும், வீட்டுப் பத்திரங்களின் பிரதிகளுக்கும் அந்தப் பூட்டு இல்லையே. வாசலைத் தாழிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்தவரானோம்.

அன்றிரவே திருத்தினோம். நேயர்கள் செய்ய விரும்பினால் முறை இதுதான். முதலில், தங்கள் ரூட்டர் அம்மென்பொருளை ஏற்குமா என்று பெயரோடு பதிப்பெண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். அதன் வானொலிச் சில்லு மெஷ் முறைக்கு உதவுமா என்பதையும் அறியவேண்டும். அடுத்து, மென்பொருளோடு வழக்கமாக வரும் 'டபிள்யூபேட் பேசிக்' எனும் சிறு பொதி மெஷ் இணைப்புக்கு மறையாக்கம் தருவதில்லை. அதனை நீக்கி, மெஷ் மறையாக்கம் உள்ள பொதியை இடவேண்டும். பின்னர் எல்லா ரூட்டர்களிலும் ஒரே மெஷ் பெயர், ஒரே சேனல், எஸ்.ஏ.இ. எனும் மறையாக்க முறை, ஒரே நீண்ட கடவுச்சொல் ஆகியவற்றை அமைக்கவேண்டும். சேனலைத் தானியங்கியாக விடலாகாது. நாடு 'இந்தியா' என்றே இருக்கட்டும். முகவரி வழங்கும் பொறுப்பை ஒரு ரூட்டருக்கே விட்டு, மற்றவற்றில் அதனை நிறுத்தி, அவை ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி தரவேண்டும். கைபேசிகள் சேரும் வழிக்கு வேறொரு கடவுச்சொல் வேண்டும்.

எஸ்.ஏ.இ. முறையின் சிறப்பு யாதெனில், இரு கருவிகள் கைகுலுக்கும் பேச்சை ஒருவர் பதிவுசெய்து சென்றாலும், வீட்டிலிருந்தபடியே ஆயிரமாயிரம் சொற்களை இட்டுப் பார்த்துக் கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்க இயலாது என்பதே.

இரண்டு எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். ஒரே வானொலியால் வாங்கியும் கொடுத்தும் செய்வதால், ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். ஆகையால் அலை எட்டாத அறையில் அன்று, எட்டும் இடத்துக்கும் எட்டாத இடத்துக்கும் நடுவே ரூட்டரை வைக்கவேண்டும். மற்றொன்று, இந்தப் பூட்டு நம் ரூட்டர்களுக்கிடையே உள்ள காற்றை மட்டுமே காக்கும். செய்தி நம் வீட்டைக் கடந்தபின் அதற்கு வேறு பாதுகாப்பு வேண்டும்.

புதிய கடவுச்சொல்லை இட்டபின், அந்த மாணவரையே மறுபடி முயன்று பார்க்கச் சொன்னோம். கதவு திறக்கவில்லை. எங்கள் தாயாரோ இதொன்றும் அறியார். தம் அறையில், கம்பளியைப் போர்த்தியபடி, ஊரில் மழை பெய்ததா என்று தங்கையிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நிம்மதியாகப் பேசுவதற்கே அந்தப் பூட்டு.