தயிர்சோற்றில் மாத்திரை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"மனநலச் செவிலியர் பணியில் சிந்தனையும் அறமும்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பு பெரிசு. நேரம் இருபது நிமிஷம். சமையல்கட்டிலிருந்து சாம்பார் வாசனை வேறு வருகிறது. ஆகவே ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். நம் பள்ளத்தாக்கில் மனநல ஓ.பி.யில் உட்கார்ந்த யாருக்கும் இது புதிதல்ல. டாக்டர் அறையைவிட்டு வெளியே வந்ததும் அந்த அம்மா நம் பக்கத்தில் வந்து, குரலைத் தணித்துக் கேட்பார்:

"நர்சம்மா, பய மாத்திரைய கையால தொட மாட்டேங்கிறான். தயிர்சோத்துல பெசஞ்சு குடுத்துரவா?"

டாக்டரிடம் கேட்கமாட்டார்கள், நம்மிடம்தான் கேட்பார்கள். நாம் "சரி" என்றாலும் "கூடாது" என்றாலும் ஒரு வீட்டின் நடப்பு மாறிவிடும். படிக்கிற காலத்தில் இதற்குப் பதில் எந்த நோட்ஸிலும் இருக்கவில்லை.

அந்த அம்மாவின் பக்கத்தை முதலில் பார்ப்போம். வயது அறுபது. மகன் இரவெல்லாம் தூங்குவதில்லை, பக்கத்து வீட்டாரோடு சண்டை. பிடித்துக் கூட்டிவர ஆள் இல்லை. இரகசியமாகக் கொடுத்தால் பத்து நாளில் தெளிவான், பிறகு அவனே வருவான் என்று நம்புகிறார். சில வீடுகளில் அப்படி நடந்தும் இருக்கிறது. இதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது.

இப்போது மகன் பக்கம். "சோத்துல என்னமோ கலக்குறாங்க" என்று ஏற்கெனவே சந்தேகப்படுகிறவன் அவன். ஒருநாள் தட்டில் மாத்திரைத் துணுக்கைப் பார்த்துவிட்டால் சந்தேகம் உண்மையாகிவிடும். அப்புறம் அம்மா கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டான். ஹாலோபெரிடால் போன்ற மருந்தில் சிலருக்குக் கழுத்து ஒரு பக்கமாக இழுக்கும், கண் மேலே சொருகும். மருந்து சாப்பிடுவது தெரிந்தவன் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தால் ஓர் ஊசியில் சரியாகும். தெரியாதவனை, விஷயம் தெரியாத பெரியப்பா கோடாங்கியிடம் கூட்டிப்போவார். க்ளோசபின் என்றால் தவறாமல் ரத்தப் பரிசோதனை வேண்டும். எதற்கு ரத்தம் எடுக்கிறோம் என்று அவனிடம் என்ன சொல்வீர்கள்? சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. இதெல்லாம் போக, அந்தத் தட்டில் மிச்சத்தைப் பேரப்பிள்ளை சாப்பிட்டால்?

இந்த இடத்தில் பெரும்பாலும் விவாதம் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றுவிடும். நான் பார்த்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அந்த அம்மா கேட்டதும் நான் பதில் சொல்லவில்லை. மகனைத் தனியாக உட்காரவைத்து, "மாத்திரை ஏன்ப்பா வேண்டாம்?" என்றேன். அவன் சொன்னான்: "காலைல அஞ்சு மணிக்கு ஜீப்பு வந்துரும் சிஸ்டர். மாத்திரை போட்டா எந்திரிக்க முடியல. ரெண்டு நாள் வேலை போச்சு."

கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப் ஏறுகிறவர்கள் இங்கே எத்தனை பேர்! கேஸ் ஷீட்டில் 'நோயை உணரவில்லை, மருந்தை மறுக்கிறார்' என்று எழுதியிருந்தது. நோயையும் உணர்ந்தான், கூலியையும் உணர்ந்தான். டாக்டரிடம் சொன்னதும் அளவைக் குறைத்து, இரவு பத்து மணி மாத்திரையை எட்டு மணிக்கு மாற்றினார். அவன் கையாலேயே வாங்கிப் போட்டுக்கொண்டான்.

எல்லாரும் இப்படி வழிக்கு வந்துவிடுவார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் 'ஏன்' என்ற கேள்வியை யாரும் அவனிடம் கேட்டிருக்கவில்லை. அம்மா, அண்ணன், டாக்டர், எல்லாரும் அவனைப் பற்றித்தான் பேசினார்கள்.

'நல்லதுக்குத்தானே செய்றோம்' என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு ஏர்வாடி நினைவுக்கு வரும். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் பெற்றோரும் உடன்பிறந்தோரும்தான். வெறுத்து விட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? குணமாகட்டும், பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் விட்டார்கள். சோற்றில் கலக்கும் மாத்திரையும் சங்கிலியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. இரண்டுக்கும் சொல்லப்படும் காரணம் ஒன்றாக இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வகையிலும் தடை செய்கிறது (பிரிவு 95). கட்டுப்படுத்தியே தீரவேண்டிய நிலையில் என்ன செய்வது என்பதைப் பிரிவு 97 சொல்கிறது. அதில் ஒரு வரியை டூட்டி ரூம் சுவரில் ஒட்டவேண்டும்: ஆள் பற்றாக்குறை என்பதற்காக மட்டும் நோயாளியைக் கட்டக் கூடாது. நைட் டூட்டி பார்த்தவர்களுக்கு இதன் கனம் புரியும். நாற்பது பேருக்கு ஒரு நர்ஸைப் போட்டுவிட்டு அறம் பேசு என்றால் எப்படி? ஆள் கேட்டு எழுதிக்கொடுப்பதும் நம் வேலைதான்.

சோற்றில் கலக்கலாமா என்று அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு கிடையாது. ஆனால் விவரம் சொல்லிச் சம்மதம் வாங்கித்தான் சிகிச்சை என்கிறது. ஒருவர் எடுத்த முடிவு மற்றவர்களுக்குத் தப்பாகப் படுகிறது என்பதாலேயே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று ஆகாது என்கிறது பிரிவு 4. தெளிவாக இருக்கும் காலத்திலேயே, 'எனக்கு இன்ன சிகிச்சை வேண்டும், இன்னது வேண்டாம்' என்று எழுதிவைக்கவும் பிரிவு 5 இடம் தருகிறது. நம் ஊரில் இதை எழுதிவைத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. எழுதலாம் என்று சொல்லிக்கொடுப்பதற்கு நம்மைவிடப் பொருத்தமான ஆள் யார்?

சாப்பாட்டுக்கு அப்புறம் மூன்று மணிக்கு இரண்டாம் ஆண்டு வகுப்பறையில் உட்காருவோம். அங்கே விவாதிக்க ஒரு கேஸ் வைத்திருக்கிறேன். தனியாக இருக்கும் எழுபது வயது அப்பா, மருந்தே வேண்டாம் என்னும் மகள். 'ஏன்' என்றும் கேட்டாயிற்று. பதில் சொல்ல மறுக்கிறாள். அப்பா ஏற்கெனவே ஒரு வாரமாகக் காப்பியில் கலந்து கொடுக்கிறார், நம்மிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். மறுநாள் மகள் ஓ.பி.க்கு வந்து நேராக நம்மையே கேட்கிறாள்: "சிஸ்டர், எனக்கு ஏதாவது கலந்து குடுக்குறாங்களா?"

என்ன சொல்வீர்கள் என்று யோசித்துக்கொண்டே சாப்பிடுங்கள்.