மைசூர் மன்னரும் மெட்னரின் சொனாற்றாக்களும்

ருஷ்ய நாட்டுப் பியானோ இசை என்றதும் ரச்மனினொவ், ஸ்கிரியாபின் ஆகியோரின் பெயர்களே முதலில் நினைவுக்கு வருவன. அவர்கள் காலத்திலேயே மொஸ்கோவில் இசை பயின்று, பியானோவுக்கென்று 14 சொனாற்றாக்களை இயற்றிய நிக்கலாய் மெட்னரை அறிந்தோர் மிகச் சிலரே. 1880 இல் பிறந்த அவர், 1921 இல் தாயகத்தை நீங்கி, 1930களின் நடுவில் இலண்டனிற் குடியேறினார். புதுமை வேட்கை மேலோங்கிய அக்காலத்தில், பழைய இசையிலக்கணத்தை விடாது பற்றி நின்ற அவரைப் பலரும் ஒதுக்கினர். இரண்டாம் உலகப்போர் மூண்டதும் ஜெர்மன் பதிப்பகத்திலிருந்து கிடைத்த வருவாயும் நின்றது. இதய நோயும் சேர்ந்துகொண்டது.

அந்நிலையில் உதவி வந்தது மைசூரிலிருந்து என்பது வியப்பன்றோ! மன்னர் ஜயசாமராஜ உடையார் பியானோக் கலைஞராகவே வாழ விரும்பியவர். 1940 இல் தந்தையாரும் பெரிய தந்தையாரும் அடுத்தடுத்து மறையவே, அரியணை ஏற நேர்ந்தது. கருநாடக இசையில் ‘ஸ்ரீவித்யா’ முத்திரையோடு கிருதிகள் புனைந்தவரும், 1964 முதல் 1966 வரை சென்னை ஆளுநராய் விளங்கியவரும் இவரே. இவருடைய கொடையால் 1940களின் இறுதியில் இலண்டனில் மெட்னர் சங்கம் தோன்றிற்று. தம் மூன்று கொன்சேட்டோக்களையும் பல சிறு படைப்புகளையும் மெட்னர் தாமே வாசிக்க, எச்.எம்.வி. நிறுவனம் அவற்றை இசைத்தட்டுகளாக வெளியிட்டது. மூன்றாவது கொன்சேட்டோவை அவர் மன்னருக்கே காணிக்கையாக்கினார்.

அக்காலத் தட்டின் ஒரு பக்கம் நாலைந்து நிமிடமே ஒலிக்கும். ரச்மனினொவுக்குக் காணிக்கையான ‘இரவுக் காற்று’ சொனாற்றாவோ அரைமணிக்கும் மேல் நீள்வது. அதனை அத்தகைய தட்டுகளிற் கேட்பதாயின், சுழலின் நடுவே எத்தனை முறை எழுந்து தட்டைத் திருப்பவேண்டும்! புதிதாய்க் கேட்போர்க்கு ‘நினைவு’ சொனாற்றாவே ஏற்றது. ஏறக்குறையக் கால்மணி நேரம், ஒரே பகுதி. தொடக்கத்தில் மெல்ல அலைபோல் எழும் இசைத்தொடர் நடுவிலும் முடிவிலும் மீண்டும் வருகின்றது. பல்லவிக்குத் திரும்பும் பாடகர் புதுச் சங்கதி சேர்ப்பார். இங்கோ தொடர் மாறுவதில்லை, இடையில் எழுந்த கொந்தளிப்பைக் கேட்ட செவிதான் மாறிவிடுகின்றது. எமில் கிலெல்ஸ் அதனைக் கச்சேரி மேடைகளிலும் வாசித்துப் பரப்பினார்.

மெட்னர் 1951 இல் இலண்டனிற் காலமானார். சங்கத்தின் தொகுதிகள் மூன்றோடு நின்றன. அவருடைய சொனாற்றாக்கள் அனைத்தையும் ஹாமிஷ் மில்ன், ஜெஃப்ரி டோசர், மார்க்-ஆன்ட்ரே அமெலின் போன்றோர் பதிவுசெய்தது பின்னரே. ஓமந்தை போன்ற வன்னிக் கிராமத்திலே பியானோக் கச்சேரி ஏது? ஆயினும் இன்று கைத்தொலைபேசி உள்ள எவரும், மைசூர் மன்னர் கேட்க விரும்பியவற்றை இரவின் அமைதியில் இடையறாது கேட்கலாம். தட்டைத் திருப்ப எழவேண்டியதில்லை.