பெயரற்ற படமும் பெயருள்ள பறையும்

(பொழிவின் எழுத்து வடிவம்)



தில்லைக் கோயிலின் கீழைக் கோபுர வாயிலைக் கடப்போர் இருமருங்கும் ஆடற் சிற்பங்களைக் காண்பர். 108 கரணங்களைக் காட்டும் அச்சிற்பங்களில், ஆடுமகளின் பக்கத்தே கருவியிசைப்போரும் சிற்றுருவில் நிற்கின்றனர். ஆடலுக்குரிய விளக்கம் கிரந்த எழுத்தில், வடமொழியில் பொறிக்கப்பட்டுள்ளது. முழவு கொட்டியவன் யார்? எவ்வூரன்? தன் கருவியின் உறுப்புகளை எச்சொற்களால் அழைத்தான்? கல்லில் விடை இல்லை. உருவம் எஞ்சியது, பெயர் எஞ்சவில்லை.

நிழற்படக் கருவி வந்த பின்னும் இக்குறை தீர்ந்ததா? சென்னை அரசு அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கார் தர்சுடன், தென்னாட்டுக் குலங்களையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு மடலங்கள் வெளியிட்டார். அவற்றிலுள்ள படங்கள் பலவற்றில் மாந்தர்க்குப் பெயரில்லை. குலத்தின் பெயரே உண்டு. மூக்கையும் மண்டையையும் அளந்த ஆய்வு, மாந்தனின் பெயரைக் கேட்க மறந்தது.

தொல்காப்பியம் திணைதோறும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் யாழையும் வைத்தது. அவ்விரண்டனுள் யாழ் வழக்கொழிந்தது. அதனை மீட்டுணர, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய விபுலானந்த அடிகள் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். அவ்வுழைப்பின் பயனான யாழ்நூல் 1947இல் வெளிவந்தது. பறையோ இன்றும் உயிரோடுள்ளது. அதனைக் காத்தவர் யார்? ஊருக்கு வெளியே நாம் ஒதுக்கி வைத்த சேரி மக்களே! தமிழின் தொன்மையைப் பேசும் நாம், அத்தொன்மையைத் தோளில் சுமப்பவனைத் தீண்டத்தகாதவன் என்றது எத்துணைப் பெரிய இழிவு!

ஒலிப்பதிவு பறையின் அடியைத் தரும். அஃது எவ்வாறு பிறந்தது என்பதைப் படமே தரும். கருவி எத்தோளில் தொங்குகிறது, இரு கோல்களுள் மெல்லிய நெடுங்கோல் எக்கையில், தடித்த குறுங்கோல் எக்கையில், வைக்கோல் தீயில் தோலைக் காய்ச்சுவோர் யாவர் என்பனவெல்லாம் படத்தில் தெரியும். கூத்திலும் அவ்வாறே. ஆடுவோர்க்குப் பின்னே நிற்பவர் யாவர், மத்தளமும் முகவீணையும் எப்பக்கம், ஆர்மோனியம் நுழைந்துவிட்டதா என்பவற்றை நாள் குறித்த ஒரு படம் ஐயமறக் காட்டும். கடலூர்க் கரையில் வலையிழுப்போரின் அம்பாப் பாட்டுக்கும் இது பொருந்தும். பாட்டெடுத்துக் கொடுப்பவன் கயிற்றின் எவ்விடத்தில் நிற்கிறான் என்பது எழுதிய பாட்டில் இராது.

ஆயினும் படம் பொய்யும் சொல்லும். வந்தவர் விருப்பிற்கேற்பப் புத்தாடை உடுத்து நின்ற படம், ஊர் வழக்கத்தைக் காட்டாது. ஆகவே படத்தை ஊரார் முன் வைத்துக் கேட்டறிதல் வேண்டும். ஆலந்து நாட்டு அறிஞர் அர்னால்டு பாக்கே 1938இல் தென்னாட்டில் நாட்டுப்புற இசையைப் பதிந்தார். ஓசையற்ற அசைபடங்களும் எடுத்தார். நாசிர் சைராசுபாய், ஆமி காட்லின் ஆகியோர் 1984இல் அப்பதிவுகளோடு தமிழ்நாடு, கேரளம், கருநாடகம் ஆகிய இடங்களுக்குச் சென்று, எவை நிலைத்தன, எவை மாறின என ஒப்பிட்டு ஆராய்ந்தனர். இதுவே நேர்மையான முறை.

இசுபெயின் நாட்டையும் எண்ணிப் பாருங்கள். 1952-53இல் ஆலன் உலோமாக்சு என்னும் அமெரிக்கர் அந்நாட்டுச் சிற்றூர்களில் பாட்டுகளைப் பதிந்து, பாடியோரைப் படமும் எடுத்தார். அது பிராங்கோவின் வல்லாட்சிக் காலம்; பாசுக்கு, காத்தலான், கலீசிய மொழிகள் பள்ளிகளிலும் அரசு அலுவலகங்களிலும் ஒடுக்கப்பட்ட காலம். உலோமாக்சைக் காவலர் கண்காணித்தனர். அலுவலகத்திலிருந்து விரட்டப்பட்ட மொழி உழவர் வாயில் உயிரோடிருந்ததை அப்பதிவுகள் மெய்ப்பிக்கின்றன.

தமிழ் இளைஞர்களே! இன்று ஒவ்வொரு கையிலும் படக்கருவி உள்ளது. எடுக்கும் படத்தோடு நான்கு செய்திகளைக் குறியுங்கள்: இசைப்பவர் ஒப்பினால் அவர் பெயர்; ஊர்; நாள்; கருவியின் ஒவ்வோர் உறுப்புக்கும் அவர் வழங்கும் சொல். அடிக்குச்சி, சிம்புக்குச்சி என ஊருக்கு ஊர் மாறும் அச்சொற்கள் அகரமுதலியில் ஏறாத தூய தமிழ். அவற்றை வடசொல்லாலும் ஆங்கிலத்தாலும் மூடாதீர். எடுத்த படத்தின் ஒரு படியை அவர் இல்லத்திற் கொண்டுபோய்க் கொடுங்கள்; திண்ணையில் அவரோடு ஒக்க அமர்ந்து கேளுங்கள்.

கோபுரத்து முழவனின் பெயரை இனி அறிய வழியில்லை. நம் ஊர்ப் பறைஞனின் பெயரைக் கேட்க இன்றே வழியுண்டு. கேட்போம், எழுதுவோம்!

வாழ்க தமிழ்! வெல்க தமிழினம்!