நூலும் நூற்றவளும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கிய விழாவில் பஞ்சாலையைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். அந்த உரிமையை எனக்குத் தந்தவர் பவணந்தி முனிவர். நன்னூலில் அவர் சொல்லைப் பஞ்சாகவும் செய்யுளை இழையாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் உருவகித்தார். புலவனின் வாய் அவள் கை. அவனது மதி அவள் கதிர். அவருக்கு முன்பே, புறநானூற்றில் சிறு விளக்கொளியில் இரவில் பஞ்சு புடைக்கும் பெண் வந்துவிட்டாள். நற்றிணையில் துணையற்ற மகளிர் நூற்ற நுண்ணிய நூல், மலையில் தவழும் மேகத்துக்கு உவமையாயிற்று.

நன்னூலின் இப்பகுதியை வகுப்பில் நடத்தியபோது, கதிர் என்றால் என்ன என்று வினவினேன். நெற்கதிர் என்றனர், ஞாயிற்றின் கதிர் என்றனர். ஒரு மாணவி மட்டும் எழுந்து, சுழலும் கதிரில் அறுந்த இழையை எடுத்து ஒட்டுவது எப்படியென்று விரல்களால் செய்து காட்டினாள். கல்லூரிக்கு வருமுன் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பஞ்சாலையில் இருந்தவள். மூன்றாண்டு முடிந்தால் மொத்தமாகத் தருவதாகச் சொன்ன தொகை, உடல்நலம் கெட்டு இடையில் திரும்பியதால் அவளுக்குக் கிடைக்கவில்லை.

அந்த ஏற்பாட்டுக்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் பலவற்றில் அது வேரூன்றியிருந்தது. தரகர்கள் வறிய குடும்பங்களை, அவற்றிலும் தலித் குடும்பங்களை, நாடிச் சென்றார்கள். மகளை மூன்றாண்டு அனுப்பினால் முடிவில் 30,000, 50,000 ரூபாய் என்று சேர்த்துத் தருவோம், திருமணத்துக்கு ஆகும் என்றார்கள். வரதட்சணையை 1961ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்க, அதன் தேவையையே கண்ணியாக்கினார்கள். ஆலைக்குள்ளேயே விடுதி, வெளியே செல்லத் தடை, வீட்டாரோடு பேசவும் அளவு, இரவுப் பணி. பயிற்சியாளர் என்று பதிந்து கொண்டதால் கூலியும் குறைவு.

தகுதி வழக்கில் 'மங்கலம்' என ஒன்றைப் படித்திருக்கிறோம். செத்தாரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் அதன்பாற்படும். கொத்தடிமைக்குச் சுமங்கலி என்று பெயரிட்டவர் யாரோ, இலக்கணம் அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும்!

பழைய கொத்தடிமை முறையில் முன்பணம் வாங்கியவன் கடனாளி. கடன் அவனைக் கட்டிப்போட்டது. 1976ஆம் ஆண்டு ஒழிப்புச் சட்டம் அந்தக் கட்டை அறுக்கவே எழுந்தது. சுமங்கலித் திட்டத்திலோ முதலாளிதான் கடன்பட்டவர். பெண்ணின் கூலி அவர் கையில் இருக்கிறது. அது போய்விடுமே என்ற அச்சத்தால் கடன் கொடுத்தவள் சிறையிருக்கிறாள். சட்டம் படித்தவர்களுக்கே இது எளிதில் புலப்படவில்லை. இத்தனைக்கும் குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகத் தந்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982லேயே தீர்ப்பளித்திருந்தது.

2011இல் நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு இத்திட்டம் பற்றி அறிக்கை வெளியிட்டபின் மேலைநாட்டு ஆடை நிறுவனங்கள் விழித்தன. ஆய்வாளர்களை அனுப்பினார்கள். ஆய்வாளர் சென்றதோ ஆடை தைக்கும் ஆலைக்கு. அதற்கு முன்னே துணியாக்கும் ஆலை. அதற்கும் முன்னே நூற்பாலை. சங்கிலியின் கடைசிக் கண்ணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு முழுவதும் தூயது என்றால் எப்படி? சொல்லிவிட்டு வரும் ஆய்வன்று விடுதி பளிச்சென்றிருக்கும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. பிரித்தானியா 2015இல் நவீன அடிமைமுறைச் சட்டம் இயற்றியது. ஆண்டு வரவு 3.6 கோடி பவுண்டுக்குக் குறையாத நிறுவனங்கள், தம் கொள்முதல் சங்கிலியில் அடிமைமுறையைத் தடுக்க என்ன செய்தோம் என்று ஆண்டுதோறும் அறிக்கை தரவேண்டும். ஒன்றும் செய்யவில்லை என்று எழுதினாலும் சட்டம் நிறைவேறிவிடும்! உரைநடையின் ஆற்றலில் அந்நாட்டார்க்கு அவ்வளவு நம்பிக்கை.

எனக்கு நம்பிக்கை தருவது திண்டுக்கல்லில் நடந்தது. 2021 ஜனவரியில் அங்கே ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த இளம்பெண் ஒருத்தி கொலையுண்டாள். தலித் பெண்கள் தலைமையேற்ற தொழிற்சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் அச்சங்கம், ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் என்னும் உற்பத்தி நிறுவனத்தோடும் எச் அண்ட் எம் என்னும் கொள்முதல் நிறுவனத்தோடும் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை செய்துகொண்டது. நூற்பாலையும் அதில் அடக்கம். தொழிலாளர் பெண்களே பயிற்சி பெற்று வேலைத்தளத்தைக் கண்காணிக்க அது வழிசெய்தது. உடன்படிக்கையை மீறினால் கொள்முதலுக்கே இடர் நேரும் என்ற ஏற்பாடு இருந்தது. வெளியிலிருந்து வந்து போகிறவர் காணாததை, அடுத்த இயந்திரத்தில் நிற்பவள் காண்கிறாள். இப்படி ஒப்புக்கொண்ட ஆலைகள் மிகச் சிலவே என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்று தரகர்கள் சுமங்கலி என்ற பெயரைத் தவிர்க்கிறார்கள். விடுதிகள் இருக்கின்றன. அவற்றுக்கு ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். கூலிச்சீட்டும் புகார் எண்ணும் தமிழில் ஒட்டப்பட்டிருந்தால் அவர்களுக்கு அது வெறும் கோடு. ஒடியாவும் இந்தியும் அறிந்த மொழிபெயர்ப்பாளர்கள் இருவர் நம் வட்டத்தில் இருக்கிறீர்கள். ஒரு பக்கத் துண்டறிக்கை எழுதி வைத்திருக்கிறேன். விழா முடிந்ததும் தயவுசெய்து என்னைச் சந்தியுங்கள்.